கம்போடியாவில் கரடிக்கு ஊஞ்சல் கட்டிய கதை

காசிமேட்டுக்காரன்:

காசு கொடுத்து வேலை செய்யப் போகிறேன் என்று சொன்னதும் அம்மா நம்பவில்லை.

"சம்பளம் இன்னா தருவான்?"

"சம்பளம் இல்லம்மா. தங்கறதுக்கும் சாப்பாட்டுக்கும் நாமதான் கட்டணும்."

"கரடிக்குப் பூசணிக்கா அரியறதுக்கா ஏரோப்ளேனு?"

அப்பா வாயே திறக்கவில்லை. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் நேரம், லாஞ்ச் கரையேறினால் ஆகும் செலவுதான் அவர் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சரி, இதுவே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு டிக்கெட் போட்டுவிட்டேன்.

போன இடம் புனோம் தமாவ். கம்போடியத் தலைநகர் புனோம் பென்னுக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில், தாகியோ மாகாணத்தில் இருக்கிறது. 1995-இல் அரசு தொடங்கிய வனவிலங்கு மீட்பு மையம் அது. அதற்குள் கரடிகளுக்கான சரணாலயத்தை ஃப்ரீ த பேர்ஸ் என்ற ஆஸ்திரேலிய அமைப்பு பார்த்துக்கொள்கிறது. மேரி ஹட்டன் என்ற பெர்த் நகரத்துப் பெண்மணி, கூண்டில் அடைத்துப் பித்தநீர் எடுக்கப்படும் கரடிகளைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, கடைவாசலில் நின்று கையெழுத்து வாங்கத் தொடங்கியதில் பிறந்த அமைப்பு அது.

பித்தநீர் விஷயம் தெரியாதவர்களுக்கு: கரடியின் பித்தப்பையில் குழாய் செருகி, வருடக்கணக்கில் நீரை உறிஞ்சுவார்கள், சீனப் பாரம்பரிய மருந்துக்காக. அதில் இருக்கும் உர்சோடிஆக்ஸிகோலிக் அமிலம் கல்லீரலுக்கும் பித்தக்கல்லுக்கும் வேலை செய்வது உண்மைதான். ஆனால் அதே மருந்து எப்போதோ மாத்திரையாக வந்துவிட்டது. என் பெரியப்பா தினமும் போடுகிறார், தண்டையார்பேட்டை மெடிக்கல் ஷாப்பில் சீட்டைக் காட்டினால் கிடைக்கிறது. இதற்காக ஒரு உயிரைக் கூண்டில் போட்டு வைத்திருக்கிறார்கள் என்றால் எரிச்சல் வருமா வராதா?

அங்கே நூற்றுக்கும் மேல் கரடிகள். இரண்டு வகை. ஒன்று சூரியக் கரடி, உலகத்திலேயே சின்ன கரடி இனம், பெரியது 65 கிலோ வந்தால் அதிகம். நாக்கு மட்டும் 20 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். நெஞ்சில் மஞ்சள் பிறை, அது ஒன்றுக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காது. பராமரிப்பவர்கள் அதை வைத்தே ஆள் அடையாளம் சொல்வார்கள். இன்னொன்று நிலாக் கரடி, உருவத்தில் பெரியது, இமயமலைப் பக்கமும் உண்டு. நம் ஊர்க் காடுகளில் இருக்கும் கரடி இந்த இரண்டும் இல்லை, வேறு இனம்.

வேலை பெரும்பாலும் சமையல்கட்டுதான். காலையில் பூசணி, சர்க்கரைவள்ளி, வெள்ளரி, வாழைப்பழம் என்று கூடை கூடையாக அரிய வேண்டும். கரடிகளை உள் அறைக்குள் விட்டுக் கதவை அடைத்து, தலையை எண்ணி, பூட்டை இருவர் தனித்தனியாகப் பார்த்த பிறகுதான் வெளித்திடலுக்குள் நாம் கால் வைக்கலாம். சாணம் வார வேண்டும். அப்புறம் அரிந்ததை ஒளித்து வைக்க வேண்டும். மரப்பொந்தில், கல்லுக்கு அடியில், துளை போட்ட மூங்கிலுக்குள், கட்டையில் தேன் தடவி. தட்டில் கொட்டி வைத்தால் சில நிமிடத்தில் தின்றுவிட்டு மீதி நாளெல்லாம் ஒரே இடத்தில் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும். கூண்டில் கிடந்த கரடிக்கு அந்தத் தலையாட்டல் சட்டென்று போகாது. தேடித் தின்ன வைப்பதுதான் வைத்தியம்.

மூன்று காலோடு நடக்கிற கரடிகளும் அங்கே உண்டு. காட்டில் கண்ணி வைக்கிறார்கள், அதில் கால் சிக்கி அழுகி, வெட்ட வேண்டியதாகிவிடுகிறது. அலுவலகச் சுவரில் பிடுங்கிக் கொண்டுவந்த கண்ணிகளை மாட்டியிருந்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தேன். பைக் பிரேக் ஒயர். நுனியில் அந்தக் குண்டுமணி ஈயம்கூட அப்படியே இருந்தது. சுருக்கு விழுந்த இடத்தில் கம்பி இழைகள் பிரிந்து முள்முள்ளாக நின்றன. வலைக்கார வீட்டுப் பையன் என்பதால் சுருக்கைப் பார்த்ததும் புரிந்துவிட்டது: இழுக்க இழுக்க இறுகும், தளராது.

ஊஞ்சல் கட்டும் நாள் வந்தபோது எனக்குத் திமிர். முடிச்சு போட எனக்கா சொல்லித் தர வேண்டும்? ஆனால் கயிறே கிடையாதாம், கரடி கடித்துத் துப்பிவிடும். தீயணைப்பு வண்டியில் ஓய்ந்துபோன கான்வாஸ் ஹோஸை வெட்டி, கட்டில் நாடா பின்னுவது போல மேலும் கீழுமாகப் பின்னி, சந்திக்கும் இடமெல்லாம் துளை போட்டு நட்டு போல்ட் முடுக்க வேண்டும். போல்ட்டின் தலை தட்டையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நகம் மாட்டும். என் முடிச்செல்லாம் செல்லாது, ஆனால் தொய்வில்லாமல் இழுத்துப் பின்னுவதற்கு அப்பாவிடம் வாங்கிய அடிகள் உதவின. அங்கிருந்த மூத்த பராமரிப்பாளர், மொழி தெரியாதவர், பின்னலைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு அடுத்த ஹோஸ் சுருளையும் என் பக்கமே உருட்டிவிட்டார்.

மூன்று கால் கரடி ஏற வசதியாகத் தாழ்வாகத்தான் மாட்டினோம். கதவைத் திறந்ததும் அது வந்து, வெகுநேரம் மோந்து, ஒரு போல்ட்டைக் கடித்துப் பார்த்து, அப்புறம் ஊஞ்சலுக்கு அடியில் நிழலில் படுத்துத் தூங்கிவிட்டது! மேலே ஏறிப் படுத்தது பக்கத்தில் இருந்த வேறொரு கரடி.

பழைய வண்ணாரப்பேட்டை அக்கா:

தம்பி, நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு எண்பதுகள் ஞாபகம் வந்தது. எங்கள் தெருவுக்குக் கரடி கொண்டுவருபவர் ஒருவர் உண்டு. பிள்ளை ராத்திரியில் பயந்து அலறினால் கரடி முடி வாங்கித் தாயத்தில் அடைத்துக் கட்டுவார்கள். எனக்கும் கட்டினார்கள். கரடி முதுகில் ஒரு சுற்று உட்கார வைத்தால் தனிக் காசு. மூக்கில் துளை போட்டுக் கயிறு கோர்த்திருந்தது கண்ணில் பட்டது, ஆனால் மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரிதானே என்று யாரும் கேட்கவில்லை. பல்லைப் பிடுங்குவதெல்லாம் பெரியவளான பிறகு படித்துத் தெரிந்துகொண்டதுதான்.

வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் அமைப்பு 1999-இல் ஆக்ராவில் மீட்பு மையம் ஆரம்பித்து, கரடி ஆட்டிய கலந்தர் குடும்பங்களுக்கு வேறு தொழிலுக்கு வழி செய்து, 2009-இல் கடைசிக் கரடியையும் மீட்டுவிட்டார்கள். அது வந்து சேர்ந்த இடம் பெங்களூர் பன்னேர்கட்டா. பேரனைக் கூட்டிக்கொண்டு பன்னேர்கட்டா போயிருக்கிறேன். "ஆயா, இதோட முடியையா உனக்குக் கட்னாங்க?" என்று சத்தமாகக் கேட்டான். சுற்றி இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

வியாசர்பாடி மாமா:

எல்லாம் சரிப்பா. இவ்வளவு செலவு பண்ணிப் போய் ஒரு கரடியைக்கூட தொடவே விடலையா? போட்டோ?

காசிமேட்டுக்காரன்:

விடவில்லை மாமா, விடவும் கூடாது. குட்டியை மடியில் வைத்துப் போட்டோ, பாலூட்ட வாய்ப்பு என்று விளம்பரம் செய்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். மடிக்குக் குட்டி எங்கிருந்து வருகிறது, வளர்ந்தபின் எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள், ஒழுங்காகப் பதில் வராது. என்னிடம் இருக்கும் போட்டோவெல்லாம் வேலிக் கம்பிக்குப் பின்னால் கறுப்பாக எதுவோ. அம்மா அதைப் பார்த்து "எருமையா?" என்கிறாள்.

அக்கா, தாயத்து விஷயம் எங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது, அண்ணனுக்கு.

போக நினைப்பவர்களுக்கு: சென்னையிலிருந்து பாங்காக் அல்லது கோலாலம்பூரில் மாறிப் போகலாம். நம் புத்தாண்டு நேரத்தில்தான் அவர்களுக்கும் புத்தாண்டு. ஏப்ரல் நடுவில் போய் இறங்கினால் ஊரே விடுமுறையில் இருக்கும், வண்டி கிடைப்பது கஷ்டம். மே மாதத்துக்கு மேல் மழை. டெட்டனஸ், ரேபிஸ் ஊசி பற்றி முன்னாலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் பூட்ஸ் இங்கேயே வாங்கிவிடுங்கள், என் கால் அளவுக்கு அங்கே கிடைக்கவே இல்லை.