லீனியர் அல்ஜீப்ராவும் மல்டிவேரியபிள் கால்குலஸும் ஒரே செமஸ்டரில் எடுக்கலாமா?

கேள்வி:
ஒரு மாறி கால்குலஸ் முழுவதும் முடித்துவிட்டேன், வகையிடல், தொகையிடல், தொடர்கள் எல்லாம் ஓரளவு கைவந்திருக்கிறது. அடுத்த செமஸ்டரில் இந்த இரண்டையும் சேர்த்தே எடுக்கலாம், அல்லது ஒன்றைத் தள்ளிப்போடலாம். சீனியர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கணக்குப் போடுவதில் எனக்குப் பயமில்லை, ஆனால் லீனியர் அல்ஜீப்ரா புத்தகத்தைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் 'நிறுவுக' என்றே வருகிறது, அதுதான் உதைக்கிறது. ஒன்றுதான் என்றால் எது முதலில்?

பதில் 1:
லீனியர் அல்ஜீப்ராதான். நான் மாற்றிப் படித்தேன், அதனால் சொல்கிறேன். இரு மாறிச் சார்பில் சரிவு பூஜ்யமாகும் புள்ளி பெருமமா, சிறுமமா, சேணப்புள்ளியா (ஒரு திசையில் பள்ளம், இன்னொரு திசையில் மேடு) என்று பார்க்க ஒரு சூத்திரம் தருவார்கள். அதை அப்படியே மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கினேன், எங்கிருந்து வந்தது என்று மட்டும் தெரியாது. ஒரு வருடம் கழித்து ஐகன் மதிப்பு படிக்கும்போதுதான் விளங்கியது. ஓர் அணி சில வெக்டர்களை அதே கோட்டில் வைத்தே எத்தனை மடங்காக்குகிறது என்ற எண் அது, அந்த வெக்டர்தான் ஐகன் வெக்டர்.

எக்ஸ் வர்க்கம், கூட்டல் 4 எக்ஸ் ஒய், கூட்டல் ஒய் வர்க்கம், இதை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் அச்சு வழியாகப் போனால் ஆதிப்புள்ளி பள்ளம், ஒய் அச்சு வழியாகவும் பள்ளம். சிறுமம் என்று எழுதக் கை போகும். ஆனால் ஒய் இருக்கும் இடத்தில் மைனஸ் எக்ஸ் போட்டுப் பாருங்கள், மைனஸ் 2 எக்ஸ் வர்க்கம் வரும், அந்தத் திசையில் அதே புள்ளி மேடு! இதன் ஹெஸ்ஸியன் அணியில், அதாவது இரண்டாம் வகைக்கெழுக்களை அடுக்கிய அணியில், மேல் வரிசை 2, 4. கீழ் வரிசை 4, 2. ஐகன் மதிப்புகள் 6, மைனஸ் 2. ஒன்று மிகை, ஒன்று குறை, ஆகவே சேணப்புள்ளி. மைனஸ் 2-க்கான ஐகன் வெக்டர் காட்டுவது நாம் போன அந்தச் சாய்ந்த திசையைத்தான். நான் மனப்பாடம் செய்த சூத்திரம் வேறொன்றுமில்லை, இந்த அணியின் அணிக்கோவை, அதாவது இரண்டு ஐகன் மதிப்புகளின் பெருக்கல், மைனஸ் 12. மூன்று மாறி வந்ததும் அந்தச் சூத்திரம் கைவிட்டுவிடும், ஐகன் மதிப்பு கைவிடாது.

பதில் 2:
சேர்த்தே எடுங்கள் என்பேன். கால்குலஸில் முதல் சில வாரம் பகுதி வகையிடல்தான் (மற்ற மாறிகளை அசையாமல் வைத்து ஒன்றைப் பொறுத்து மட்டும் வகையிடுவது), அதற்கு அணி எதுவும் வேண்டாம். மாறிகளை மாற்றித் தொகையிடும் பகுதி வருவதற்குள் இந்தப் பக்கம் அணிக்கோவை பெரும்பாலும் முடிந்திருக்கும். போலார் ஆயங்களுக்கு, அதாவது மையத்திலிருந்து தூரம் 'ஆர்', கோணம் என்பதற்கு, மாறும்போது கூடவே ஒரு 'ஆர்' பெருக்கச் சொல்வார்கள் இல்லையா, நிறையப் பேர் பரீட்சையில் விடுவது அதைத்தான். கோணத்தைத் துளி திருப்பினால் மையத்துக்கு அருகே கொஞ்ச தூரம் நகர்வோம், தள்ளி இருந்தால் அதிக தூரம். சின்னக் கட்டத்தின் பரப்பு ஆர்-க்கு ஏற்பப் பெரிதாகிறது. அந்த ஆர்தான் ஜேக்கோபியன் அணிக்கோவை, அதாவது பழைய மாறிகளைப் புதியவற்றைப் பொறுத்து வகையிட்டு அடுக்கிய அணியின் அணிக்கோவை. அணிக்கோவை பரப்பை எத்தனை மடங்காக்குகிறது என்று சொல்லும் எண் எனப் புரிந்தவருக்கு அது மறக்காது. ஒன்று மட்டும், லேப் நிறைந்த செமஸ்டர் என்றால் இரண்டும் வேண்டாம், இரண்டுக்கும் தினமும் கணக்குப் போட நேரம் வேண்டும்.

பதில் 3:
'நிறுவுக' பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆரம்ப நிறுவல்களில் பாதி, வரையறையை எழுதினாலே நகர்ந்துவிடும். உதாரணமாக, வெவ்வேறு ஐகன் மதிப்புகளுக்குரிய இரண்டு ஐகன் வெக்டர்கள் நேரியல் சார்பற்றவை (ஒன்று மற்றொன்றின் மடங்கு அல்ல) என்று காட்ட வேண்டும். அவற்றின் ஒரு சேர்க்கை பூஜ்யம் என்று எழுதுங்கள். இருபுறமும் அணியால் பெருக்குங்கள். அப்புறம் முதல் வரியை முதல் ஐகன் மதிப்பால் பெருக்கிக் கழித்தால் ஒரு வெக்டர் மறைந்துபோகும், மிச்சமிருப்பதன் குணகம் பூஜ்யமாகியே தீரும். நாலு வரி. புத்தகத்தை மூடிவிட்டு மறுநாள் தானாக எழுதிப் பாருங்கள், படிப்பதை விட அதில்தான் பலன்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. மைனஸ் எக்ஸ் போட்டுப் பார்த்தேன், நிஜமாகவே ஆச்சரியம். லேப் அடுத்த செமஸ்டரில் இல்லை, இரண்டையும் எடுக்கிறேன். இன்னொரு சந்தேகம்: பகுதி வகைக்கெழு இரண்டும் இருந்தாலே சார்பு வகையிடத்தக்கதுதானே?

பதில் 1:
இல்லை. எக்ஸ் ஒய்-ஐ எக்ஸ் வர்க்கம் கூட்டல் ஒய் வர்க்கத்தால் வகுத்து, ஆதிப்புள்ளியில் மதிப்பு 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அச்சிலும் எங்கும் 0, ஆகவே பகுதி வகைக்கெழு இரண்டும் அங்கே 0. ஆனால் ஒய்யும் எக்ஸும் சமமான கோட்டில் வந்தால் எவ்வளவு நெருங்கினாலும் மதிப்பு அரைதான். வகையிடல் இருக்கட்டும், தொடர்ச்சியே கிடையாது. வகையிடத்தக்கது என்றால் அந்தப் புள்ளிக்கருகே எல்லாத் திசைக்கும் சேர்த்து ஒரே நேரியல் உருமாற்றம் சார்பை நன்றாகத் தோராயப்படுத்த வேண்டும். இரண்டு பாடமும் சந்திக்கும் இடம் அதுதான்.