புதுப்பிப்பு: கடலோரப் பயணத்தில் வண்டியும் உப்பும்
தனியாகக் கடலோர ஊர்களுக்குப் பைக்கில் போவது பற்றிய என் முந்தைய பதிவில் வழி, சுமை, நண்பர்கள் வீட்டில் தங்கல் மூன்றையும் எழுதியிருந்தேன். பலர் கேட்டது, கடலோர உப்புக்காற்றில் வண்டி துருப்பிடிக்காமல் எப்படிக் காப்பது என்று. அதற்காக இது.

நண்பர் வீடு சேர்ந்ததும் முதல் வேலை, நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவுவது. ஒரு வாளியும் துணியும் போதும். பிரஷர் வாஷ் வேண்டவே வேண்டாம். அந்த வேகத்தில் உப்பு சக்கர பேரிங்குக்குள் போய் உட்கார்ந்துவிடும். ஈரம் காயும்முன் கவர் போடாதீர்கள்.

முதலில் அடிவாங்குவது செயின்தான். வழக்கமாக 500 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெய் போடுபவர்கள் இங்கே 250–300 கி.மீ.க்கு ஒருமுறை போடுங்கள். மழையில் நனைந்தால் அன்றைக்கே. இன்ஜினை அணைத்துவிட்டு, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். பெட்ரோல் கூடாது, செயின் இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள் (ஓ-ரிங்) கெடும். பின்சக்கரத்தைக் கையால் சுற்றியபடி, செயினின் கீழ்ப்பகுதியில் உட்பக்கமாக கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஓடும்போது அது வெளிநோக்கிப் பரவி இணைப்புகளுக்குள் இறங்கும். மிஞ்சியதைத் துடைக்காவிட்டால் மணல் ஒட்டி, செயினையும் பல்சக்கரத்தையும் அரைத்துவிடும். இரவிலேயே போட்டுவிடுவது நல்லது.

காலையில் பிரேக் டிஸ்கில் லேசான துரு தெரிந்தால் பதற வேண்டாம். மெதுவாக ஓட்டி நாலைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும்.

மணலில் சைடு ஸ்டாண்ட் புதையும். அதன் அடியில் வைக்க உள்ளங்கை அளவு தட்டைப் பலகை ஒன்றைக் கைக்கெட்டும் பையில் வையுங்கள்.