வாரண்டோடு வந்த நகராட்சி ஆய்வாளர்

வேப்பமரம், கலிஃபோர்னியா:
கராஜை அறையாக்கி அம்மாவைத் தங்க வைத்திருந்தோம். அக்கம்பக்கத்தில் யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். நகராட்சி ஆய்வாளர் முதலில் வந்தபோது உள்ளே விடவில்லை. பிறகு நீதிபதி கையெழுத்திட்ட வாரண்டோடு வந்தார். கட்டட அமைப்பு, மின்சாரம், எரிவாயு இணைப்பு, இவற்றைப் பார்க்கலாம் என்றுதான் அதில் எழுதியிருந்தது. ஜன்னலை டேப் வைத்து அளந்தார், சரி. கட்டிலுக்குப் பக்கத்திலேயே கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்ததைப் படம் எடுத்தார், அதுவும் சரி. அப்புறம் அம்மாவின் பீரோவைத் திறந்தார். மடித்து அடுக்கியிருந்த புடவைகளைக் கையால் ஒதுக்கிப் பார்த்தார். ஆங்கிலம் தெரியாத அம்மா, "எதைத் திருடினோம் என்று தேடுகிறார்?" என்று என்னிடம் கேட்டார். பீரோவுக்குள் என்ன மின்கம்பி ஓடுகிறது? நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

பனித்தூவல், மினசோட்டா:
பீரோவைத் திறந்தது அத்துமீறல்தான். ஆனால் முதல்முறையே அவரை உள்ளே விட்டிருக்க வேண்டும். வயதானவர் தூங்கும் இடத்தில் கேஸ் ஹீட்டர்! நாங்கள் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். ஜனவரிக் குளிரில் ஹீட்டிங் நின்றுபோனது, வீட்டுக்காரர் போனையே எடுக்கவில்லை. நகராட்சியிலிருந்து வந்த அம்மையார் கையுறையைக் கழற்றி, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் உள்ளங்கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். கோட்டோடு தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தார். பேசாமல் எழுத ஆரம்பித்தார். "என்னைக் கேட்காமல் எப்படி விட்டீர்கள்?" என்று வீட்டுக்காரர் பிறகு கத்தினார். குடியிருப்பவர் நாங்கள், நாங்கள் விட்டோம்.

கடலோடி, கலிஃபோர்னியா:
பனித்தூவல், மறுப்பதைக் குற்றம்போலப் பேசாதீர்கள். பால்டிமோரில் எலி இருக்கிறதா என்று பார்க்க வந்தவரை வாரண்ட் கேட்டுத் தடுத்தவருக்கு விதித்த அபராதம் செல்லும் என்று 1959-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 1967-ல் காமரா என்பவரின் வழக்கில்தான், மறுத்தால் வாரண்ட் வேண்டும் என்று அது மாறியது. சான் பிரான்சிஸ்கோவில் தரைத்தளத்தை வாடகைக்கு எடுத்திருந்த காமராவும் உங்களைப் போன்றவர்தான். ஆனால் அதே தீர்ப்பு, வாரண்ட் கொடுக்க அந்த வீட்டின்மேல் தனியாகச் சந்தேகம் தேவையில்லை, கட்டடத்தின் தன்மை, பகுதியின் நிலை போன்றவை போதும் என்றும் சொல்லிவிட்டது. உங்கள் மாநிலத்திலேயே கோல்டன் வேலி நகர வழக்கில், வீட்டுக்காரரும் குடியிருந்தவர்களும் சேர்ந்து மறுத்தும், 2017-ல் நகராட்சி பக்கமே தீர்ப்பானது.

என் கதை சின்னது. கொல்லைப்புறக் கொட்டகையைப் பார்க்க இருட்டும் நேரத்தில் வந்தார்கள். வாரண்டில் இருந்த நேரத்தை விரல் வைத்துக் காட்டினேன், திரும்பிப் போனார்கள்.

வேப்பமரம், இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் நீதிபதி தனியாக அனுமதித்து எழுதினால் தவிர, மாலை 6 முதல் காலை 8 வரை வரக்கூடாது, ஆள் இல்லாதபோது நுழையக்கூடாது, கதவை உடைக்கக்கூடாது. மறுத்த வீட்டுக்குப் பொதுவாக 24 மணி நேரம் முன்பே அறிவிக்க வேண்டும். வாரண்ட் பொதுவாக 14 நாளுக்கு மேல் செல்லாது. ஆனால் முறையான வாரண்ட் வந்த பிறகும் தடுத்தால் உங்கள்மேல் வழக்குப் போடலாம், அதைச் செய்யாதீர்கள். நகலைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே நடங்கள். அதில் இல்லாததைத் தொட்டால் அங்கேயே ஆட்சேபணை சொல்லிப் படம் எடுங்கள், அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். ஹீட்டரையும் இந்த வாரமே மாற்றுங்கள். அந்த விஷயத்தில் பனித்தூவல் சொன்னது சரி.