ஜான் குவின்சி ஆடம்ஸை எதை வைத்து எடைபோடுவது?

வைகைக்கரை:
அமெரிக்காவின் ஆறாவது அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ். 1825 முதல் 1829 வரை அவர் ஆண்ட நான்கு ஆண்டுகளில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதிபர் பதவியை விட்டு இறங்கிய பிறகு, சாதாரண உறுப்பினராக, நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்குத் தேர்தலில் நின்று போனவர் அவர் ஒருவர்தான். 1831இல் உள்ளே போனவர், 1848இல் சாகும்வரை அங்கேதான் இருந்தார். என் கணக்கில் அந்த 17 ஆண்டுகள்தான் ஆடம்ஸ்.

கணக்கன்:
அதிபரை அதிபராகத்தானே எடைபோட வேண்டும்? 1824 தேர்தலில் எதிர்த்து நின்ற ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு, அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் அனுப்பும் தேர்வாளர்களின் வாக்கு 99, இவருக்கு 84. மக்கள் வாக்கிலும் ஜாக்சன்தான் முன்னால். யாருக்கும் பெரும்பான்மை இல்லாததால் முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. அங்கே சபாநாயகர் ஹென்றி கிளே ஆதரவு கொடுத்தார், ஆடம்ஸ் ஜெயித்தார். உடனே கிளேவுக்கு வெளியுறவுச் செயலர் பதவி. பேரம் என்று ஊரே பேசியதில் என்ன தப்பு?

சுடர்:
பேரத்துக்கு ஆதாரம் கிடையாது. ஆனால் அந்தப் பதவியைக் கொடுத்தது பெரிய தவறு, அதில் உங்கள் பக்கம்தான் நான். நான்கு ஆண்டும் அந்தப் பழி அவரை விடவில்லை. 1828 தேர்தலில் தேர்வாளர் வாக்கு ஜாக்சனுக்கு 178, ஆடம்ஸுக்கு 83.

வைகைக்கரை:
சரி, தோற்ற பிறகு என்ன செய்தார் என்று பாருங்கள். 1836இல் சபை ஒரு வாய்ப்பூட்டு போட்டது: அடிமை முறை பற்றி வரும் எந்த மனுவையும் விவாதிக்காமல் ஓரம் கட்டிவிட வேண்டும். பெண்கள், பாதிரியார்கள், பட்டறைக்காரர்கள் கையெழுத்திட்டு அனுப்பிய மனுக்களை இவர் விடாமல் கொண்டுவந்து நீட்டினார். எழுந்தாலே கூச்சல். 1842இல், அவருக்கு 74 வயது, கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். சுமார் இரண்டு வாரம் தனக்காகத் தானே வாதாடி, எதிராளிகளைக் களைக்க வைத்தார். தீர்மானம் விழுந்தது. 1844 டிசம்பர் 3 அன்று வாய்ப்பூட்டும் போனது.

கணக்கன்:
எனக்கு உறுத்துவதே இதுதான். அதிகாரம் கையில் இருந்தபோது இந்தக் குரல் எங்கே போனது? அமெரிக்கா பிரிட்டனோடு மோதிய 1812 போரில் பிரிட்டிஷ் படையோடு தப்பிப் போன அடிமைகளுக்காக, அவர்களின் எஜமானர்களுக்கு நஷ்டஈடு கேட்டு லண்டனோடு மல்லுக்கட்டிய தூதர் இதே ஆடம்ஸ். ஜார்ஜியாவில் கிரீக் பழங்குடிகளை மோசடி ஒப்பந்தத்தால் நிலமிழக்க வைத்தபோது, அதிபராக அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்தார், நல்லது. ஆனால் மாநில ஆளுநர் முறைத்ததும் பின்வாங்கிவிட்டார். நிலம் போயே போய்விட்டது. அந்த மக்களுக்கு 1842இல் அவர் பேசிய பேச்சால் என்ன பயன்?

வைகைக்கரை:
கிரீக் மக்கள் விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை. அது அவர் மேல் உள்ள கறை.
ஆனால் ஆமிஸ்டாட் என்ற ஸ்பானியக் கப்பலை மறக்காதீர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தி வரப்பட்டவர்கள் 1839இல் அந்தக் கப்பலைக் கைப்பற்றி, கடைசியில் கனெக்டிகட்டில் சிறைப்பட்டார்கள். அவர்களில் காலே என்ற சிறுவன், சிறையில் கற்ற அரைகுறை ஆங்கிலத்தில் ஆடம்ஸுக்குக் கடிதம் எழுதினான். எங்களுக்கு வேண்டியது விடுதலை மட்டும்தான் என்பதே அதன் சாரம். உச்ச நீதிமன்றத்தில் 30 ஆண்டுக்கு மேல் வாதாடாத மனிதர், 1841 பிப்ரவரியில் அங்கே போய் நின்றார். சுவரில் மாட்டியிருந்த அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைச் சுட்டிக்காட்டி, இந்த மனிதர்களுக்குப் பொருந்தும் சட்டம் அதுதான் என்று வாதாடினார். மார்ச் 9 அன்று விடுதலை.

கணக்கன்:
அந்தத் தீர்ப்பும் அடிமை முறையைத் தொடவில்லை. ஸ்பானிய சட்டப்படியே இவர்கள் அடிமைகள் அல்லர் என்பதுதான் காரணம். வழக்கில் உழைத்தவர்களில் இவரும் ஒருவர், அவ்வளவே.
ஆனால் அந்தச் சிறுவனின் கடிதம் எனக்குத் தெரியாது. அதைத் தேடிப் படிக்கிறேன்.

சுடர்:
அவருடைய நாட்குறிப்பையும் சேர்த்துப் படியுங்கள். பன்னிரண்டு வயதில் தொடங்கியது. 1820லேயே அடிமை முறையால் இந்த ஒன்றியம் உடையும் என்ற பயத்தை அதில் எழுதியிருக்கிறார், அப்போது அவர் வெளியுறவுச் செயலர். கணக்கன் கேட்ட 'குரல் எங்கே போனது' என்பதற்குப் பதில் அங்கேதான். குரல் இருந்தது, பூட்டிய நோட்டுக்குள். அதை வெளியே எடுக்க அவருக்குப் பதினாறு ஆண்டு ஆனது.