அப்பத்தாவின் ஆப்ப சோடாவும் குடலின் உள்தோலும்

பள்ளத்தூர் பேத்தி:
எங்கள் அப்பத்தாவுக்கு 76 வயது. மதியம் சுண்டைக்காய்க் குழம்பு சாப்பிட்டால் பிற்பகலில் நெஞ்சைக் கரிக்கிறது என்பார். உடனே டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடாவைக் கரைத்து மடமடவென்று குடித்துவிடுகிறார். நீளமாக ஓர் ஏப்பம் வரும். "இறங்கிவிட்டது" என்று வளவுத் தூணில் சாய்ந்துகொள்வார். மூன்று மாதமாகத் தினமும் இதுதான். புளி குடலை அரிக்கும், சோடா காக்கும் என்கிறார். உண்மையா? எனக்குப் பயமாக இருக்கிறது.

தேவகோட்டை உயிரியல் ஆசிரியர் (ஓய்வு):
அம்மா, நம் வீட்டில் காரம் என்றால் மிளகாய். வேதியியலில் காரம் என்றால் அமிலத்தை முறிப்பது. அந்தக் காரத்தைக் குடல் தானே தயாரித்துக்கொள்கிறது. புளியைவிடக் கடுமையான அமிலத்தை இரைப்பையே சுரக்கிறது. அந்த அமிலக்கூழ் முன்சிறுகுடலில் விழுந்து, அங்கே பி.எச். (அமிலத்தை அளக்கும் எண்; குறையக் குறைய அமிலம் கூடுதல்) 4.5-க்குக் கீழே இறங்கினால், அங்குள்ள உயிரணுக்கள் செக்ரிடின் என்ற ஹார்மோனை விடுகின்றன. 1902-ல் பெய்லிஸும் ஸ்டார்லிங்கும் கண்டறிந்தது இது. அதைக் கேட்டுக் கணையம் பைகார்பனேட் என்ற காரத்தை அனுப்புகிறது; ஆப்ப சோடாவில் இருப்பதும் இதுதான். குடலின் உள்தோலும் தன் மேல் படிந்த சளிப்படலத்துக்குள் பைகார்பனேட்டைச் சுரந்துகொள்கிறது. அப்படியும் தேய்கிற உயிரணுக்களுக்குப் பதிலாக 3 முதல் 5 நாட்களில் புதியவை வந்துவிடும். எத்தனை முறை பாடம் நடத்தியும் எனக்கு வியப்பு தீரவில்லை.

சோடாவின் வேலை பெரும்பாலும் இரைப்பையிலேயே முடிந்துவிடுகிறது. புளித்தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள், பொங்கி நுரைக்கும். அப்பத்தாவின் ஏப்பம் அந்தக் கரியமில வாயுதான். பெருங்குடலிலோ கதையே வேறு: நார்ச்சத்தை நுண்ணுயிர்கள் நொதிக்கவைக்கும்போது உண்டாகும் பியூட்டிரிக் அமிலம் அங்குள்ள உயிரணுக்களுக்கு உணவு.

என் கவலை சோடியம். ஒரு தேக்கரண்டி சோடாவில் ஏறத்தாழ 1,200 மில்லிகிராம் இருக்கிறது. நாள் முழுவதற்கும் 2,000-க்குள் இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

காரைக்குடி மருந்தாளர்:
அப்பத்தா மூட்டுவலிக்கு மாத்திரை போடுகிறாரா? அவற்றில் பல, சளியையும் பைகார்பனேட்டையும் சுரக்கத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற உடல் வேதிப்பொருளைத் தடுத்துவிடும். அதன் பிறகு அமிலம் நேராகச் சுவரைத் தொடும். ஹெலிகோபாக்டர் கிருமியாலும் புண் வரும். மலம் கறுப்பாகப் போனால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

பள்ளத்தூர் பேத்தி:
அஞ்சறைப் பெட்டியில் கடுகுக் கிண்ணத்துக்கு அடியில் மாத்திரை அட்டை இருந்தது. பத்தில் ஏழு காலி. கேட்டேன், "முழங்கால் வலிக்கு, உனக்கெதற்குக் கவலை என்று சொல்லவில்லை" என்கிறார். நாளைக் காலையில் அட்டையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன்.