ரவுண்ட்ஸில் டேப்லெட் திரை நின்றுவிடுகிறது, ஆனால் வைஃபை கோடு முழுசாக இருக்கிறது: உதவி தேவை

வார்டு டாக்டர்:
வணக்கம். 80 படுக்கை உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் பொது மருத்துவம் பார்க்கிறேன். ஆறு மாதமாக ரவுண்ட்ஸுக்கு 8 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட் எடுத்துப் போகிறோம். லேப் ரிசல்ட், மருந்துப் பட்டியல், பழைய அட்மிஷன் எல்லாம் படுக்கை பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. நர்சிங் ஸ்டேஷன் கம்ப்யூட்டருக்கு ஓட வேண்டியதில்லை. இதைக் கைவிட எனக்கு மனமில்லை.

ஆண்கள் வார்டிலிருந்து எக்ஸ்ரே அறையைத் தாண்டி ஐசியூவுக்குள் போனதும் திரை அப்படியே நின்றுவிடும். வைஃபை கோடு முழுசாகக் காட்டும், எதைத் தட்டினாலும் திறக்காது. ஒரு நிமிஷம் கழித்து மறுபடி லாகின் கேட்கும்.

போன வாரம் வார்டில் கடைசியாகப் பார்த்தவருக்குப் பொட்டாசியம் 2.9, குறைவு. ஐசியூ போய் முதல் படுக்கைக்காரர் பெயரைத் தட்டினேன். திரை மாறவில்லை, மாறிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். டிரிப்பில் கேசிஎல் (பொட்டாசியம் குளோரைடு) சேர்க்கச் சொல்ல வாயெடுத்தேன். சிஸ்டர் சட்டென்று, "டாக்டர், இவர் டயாலிசிஸ் பேஷன்ட்" என்றார். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்குக் கூடுதல் பொட்டாசியம் உயிருக்கே ஆபத்து. அன்று முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை.

மாடி முழுக்க நான்கு ரவுட்டர், எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. இன்னொன்று வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்கிறது நிர்வாகம். சரியாகுமா?

இரவு டூட்டி:
எங்கள் இடத்திலும் இதே தொல்லைதான். லேப் ரிசல்ட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறோம் டாக்டர், வேலை ஓடுகிறது.

கேபிள்காரர்:
இரவு டூட்டி, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தப் போட்டோ குழுவில் இருக்கும் எல்லோருடைய போன் கேலரியிலும் தங்கிவிடலாம், அங்கிருந்து பேக்கப்புக்கும் போகலாம். அடுத்த ரிசல்ட் வந்த பிறகும் பழைய போட்டோவைப் பார்த்து யாராவது மருந்து எழுதலாம்.

டாக்டர், இன்னொரு ரவுட்டர் இப்போதைக்கு வேண்டாம். வார்டில் நிற்கும்போது டேப்லெட்டின் வைஃபை செட்டிங்கில் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதற்குக் கிடைத்திருக்கும் எண்ணை) குறித்துக்கொள்ளுங்கள், ஐசியூவில் மறுபடி பாருங்கள். இரண்டையும் இங்கே எழுதுங்கள்.

வார்டு டாக்டர்:
வார்டில் 192.168.0.23. ஐசியூவில் 192.168.1.14.

கேபிள்காரர்:
நான் நினைத்ததுதான். பெயர் ஒன்றாக இருந்தாலும் உங்கள் ரவுட்டர் ஒவ்வொன்றும் தனித்தனி வீடு. ஐசியூவுக்குள் போனதும் டேப்லெட்டுக்குப் புது முகவரி கிடைக்கிறது. பழைய முகவரியில் திறந்திருந்த இணைப்பு அறுந்துபோகிறது. சர்வருக்கு நீங்கள் யாரோ புது ஆள், அதனால்தான் லாகின் கேட்கிறது.

முகவரி கொடுக்கும் வேலையை ஒரே ரவுட்டரிடம் விடுங்கள். மற்ற மூன்றையும் வைஃபை அலையை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் மோடில் போட்டு, முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை அணைத்து, கேபிளை வேன் (WAN) துளையிலிருந்து எடுத்து லேன் (LAN) துளையில் செருகச் சொல்லுங்கள்.

கோடு முழுசாக இருப்பதற்குக் காரணம் வேறு. எந்த ரவுட்டரோடு ஒட்டிக்கொள்வது என்பதை டேப்லெட்தான் முடிவு செய்யும். வார்டு ரவுட்டரை முழு பவரில் வைத்திருப்பார்கள். மேடையில் மைக் பிடித்துப் பேசுபவர் குரல் கடைசி வரிசைவரை கேட்கும், ஆனால் கடைசி வரிசையில் இருப்பவர் சொல்லும் பதில் மேடைக்குக் கேட்காது. டேப்லெட் அந்தக் கடைசி வரிசைக்காரர். ரவுட்டர் பவரை நடுத்தரத்துக்குக் குறைத்துவிடுங்கள், டேப்லெட் பக்கத்து ரவுட்டருக்குச் சீக்கிரம் மாறிக்கொள்ளும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அடுத்தடுத்த ரவுட்டர்களுக்கு 1, 6, 11 என்று சேனலைப் பிரித்துக் கொடுங்கள், அப்போதுதான் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. எக்ஸ்ரே அறையின் ஈயக் கதவை அலை தாண்டாது, அதனால் அந்த நடையின் இரண்டு முனையையும் தனியாகச் சோதித்துப் பாருங்கள்.

ஒன்று முக்கியம். ஐசியூ மானிட்டர் ஏதாவது இதே வைஃபையில் ஓடுகிறதா என்று மருத்துவக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பயோமெடிக்கல் ஆளிடம் கேட்காமல் எதையும் தொடாதீர்கள். அப்புறம், நோயாளியோடு தங்கும் அட்டெண்டர்களுக்கும் இதே பாஸ்வேர்டைத்தான் கொடுத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் அவர்களுக்குத் தனி நெட்வொர்க் வேண்டும்.

வார்டு இன்சார்ஜ்:
நான் நர்சிங்கில் 19 வருஷமாக இருக்கிறேன். டாக்டர், வைஃபை சரியானாலும் திரை ஒருநாள் நிற்கத்தான் செய்யும். எங்கள் வார்டில் ஆர்டர் சொல்வதற்கு முன்னால் சிஸ்டர் கைப்பட்டையில் இருக்கும் பெயரையும் யுஎச்ஐடி எண்ணையும் (ஒவ்வொரு நோயாளிக்கும் மருத்துவமனை தரும் தனி அடையாள எண்) வாய்விட்டுப் படிப்பார், டாக்டர் திரையில் அதையே பார்த்து "சரி" என்பார். படுக்கை எண்ணை நம்புவதே இல்லை, மதியத்துக்குள் ஆளை வேறு படுக்கைக்கு மாற்றியிருப்பார்கள். அன்று உங்களை நிறுத்திய சிஸ்டருக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

வார்டு டாக்டர்:
சொல்லிவிட்டேன் மேடம், ரொம்பச் சந்தோஷப்பட்டார். கைப்பட்டை படிப்பதை மறுநாளே ஆரம்பித்துவிட்டோம்.

கேபிள்காரர் சார், நீங்கள் சொன்னதை ஞாயிற்றுக்கிழமை செய்து முடித்தார்கள். மானிட்டர்கள் தனிக் கேபிளில்தான் இருக்கின்றன, கேட்டுவிட்டுத்தான் தொட்டோம். இப்போது வார்டிலும் ஐசியூவிலும் ஐபி மாறவில்லை, நான்கு நாளாக லாகின் கேட்கவில்லை. எக்ஸ்ரே கதவு பக்கம் மட்டும் சில நொடி நிற்கிறது. அட்டெண்டர்களிடம் பழைய பாஸ்வேர்டு இருந்தது உண்மைதான், மாற்றியாகிவிட்டது.

மென்பொருள்காரர்களிடம் இரண்டு கேட்டிருக்கிறேன். இணைப்பு அறுந்தால் பழைய ரிசல்ட்டை மறைத்துவிட வேண்டும். நோயாளி பெயர் எல்லாத் திரையிலும் மேலே பெரிதாக இருக்க வேண்டும். இரண்டாவதை இந்த மாதமே தருகிறார்களாம். முதலாவதற்குத் தேதி சொல்லவில்லை, திங்கட்கிழமை மறுபடி கேட்கிறேன்.