அம்மாவின்ர 70க்கு 8 பேர் சிங்கப்பூர் குரூஸ்: காசு கையைக் கடிக்காமல் போகேலுமோ?

கொக்குவில்காரி:

வணக்கம் எல்லாருக்கும். அம்மாவுக்கு வாற வருசம் 70 முடியுது. அண்ணா ஸ்காபுரோவில இருந்து குடும்பத்தோட வாறார், ஒவ்வொரு முறையும் அவை வந்தால் நானும் அம்மாவும் குசினிக்குள்ளயே நிண்டு காய்ஞ்சு போறது, அதால இந்தமுறை ஒருத்தரும் சமைக்காமல் எல்லாருமா எங்கயாவது போவம் எண்டு கதைச்சு கடைசியில அண்ணி சிங்கப்பூர் கப்பலைப் பிடிச்சிட்டா. நாங்கள் 5 பேர், அம்மா, நான், இவர், மகனுக்கு 11, மகளுக்கு 6. அண்ணா ஆக்கள் 3 பேர், அவையின்ர சின்னனுக்கு 3 வயசு. நாங்கள் ஐஞ்சு பேரும் சிலோன் பாஸ்போட், அவை கனடா.

4 இரவு போதும் எண்டு நினைக்கிறம். நெற்றில பாத்தால் ஒரு விலை, ஏஜென்சியில கேட்டால் இன்னொரு விலை, அடுத்த நாள் பாத்தால் அதுவும் மாறிக் கிடக்கு, தலை சுத்துது. எப்ப புக் பண்ணினால் மலிவு, எந்த மாதம் நல்லம், பல்கனி எடுக்கத்தான் வேணுமோ, அம்மாவுக்கு கடல் ஒத்துவருமோ? பள்ளிக்கூட லீவு எண்டால் ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் தான். அம்மா வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டா, அதையும் ஒருக்கா சொல்லுங்கோ.

மானிப்பாய்_மருமகள்:

தங்கச்சி நாங்கள் போன வருசம் போனனாங்கள், நாலு பேர், அதால அடிபட்ட கதையைச் சொல்லுறன். முதல் கணக்கை யாழ்ப்பாண வாசல்படியில இருந்து போடுங்கோ, கப்பல் வாசலில இருந்து இல்லை. பெரிசா எழுத்துப் போட்டிருக்கிற விலை ஒரு கபினில இரண்டு பேர் எண்ட கணக்கில ஆளுக்கு உள்ள விலை. அதுக்கு மேல போர்ட் வரி, அதுக்கு மேல ரிப்ஸ். ரிப்ஸ் எண்டால் விரும்பினால் குடுக்கிறது எண்டு தான் நான் நினைச்சனான், அப்பிடி இல்லை, கணக்கில தானாவே ஏறும். ரோயல் கரிபியன் கப்பல் கம்பனி எண்டால் சாதாரண கபினுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18.50 அமெரிக்க டொலர், சின்னப் பிள்ளைக்கும் அதே தான். உங்கட 8 பேருக்கு 4 இரவுக்கு 592 டொலர், அதை ரூபாயில மாத்திப் பாருங்கோ, ஒரு ஆளின்ர பிளைட் ரிக்கெற்றை விடக் கூட வரும்.

எங்களுக்கு ஒரு ஏஜென்ற் “எல்லாம் சேத்து” எண்டு தான் விலை சொன்னவர். கடைசி வாரத்தில தான் போர்ட் வரியும் ரிப்ஸும் அதுக்குள்ள இல்லை எண்டார். என்ர பிழையும் தான், எழுத்தில கேக்கேல்லை. நீங்கள் கேக்கேக்க வட்ஸ்அப்பில எண்டாலும் எழுத்தில எடுங்கோ: வரி சேர்ந்ததோ, ரிப்ஸ் சேர்ந்ததோ, கான்சல் பண்ணினால் எவ்வளவு வெட்டுவினம், எந்தத் திகதிக்குள்ள முழுக்காசும் கட்ட வேணும். இந்த நாலுக்கும் மறுமொழி சொல்லாமல் “அதெல்லாம் நாங்கள் பாப்பம் அக்கா” எண்டு சிரிக்கிற ஆளிட்டை அட்வான்ஸ் குடுக்காதேங்கோ.

இன்னொண்டு, கப்பலில ஏறேக்க ஒரு காட் குடுக்கச் சொல்லுவினம். நாங்கள் டெபிற் காட் குடுத்தம். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா காசைப் பிடிச்சு வைச்சிட்டாங்கள், வீட்டை வந்து இரண்டு கிழமைக்குப் பிறகு தான் விட்டவங்கள், அதுக்கிடையில சிங்கப்பூரில சாமான் வாங்க வைச்சிருந்த காசு இருந்தும் இல்லாத மாதிரி. கிறெடிட் காட் இருந்தால் அதைக் குடுங்கோ, இல்லாட்டி கையில காசு குடுத்து டிப்பொசிற் பண்ணலாமோ எண்டு கவுண்டரில கேளுங்கோ.

சாப்பாடு பிரச்சினை இல்லை. பெரிய டைனிங் ஹோலும் பவ்வேயும் காசுக்குள்ள வந்திடும், தண்ணி, தேத்தண்ணி சும்மா. ஆனால் கோக், பன்ரா எல்லாம் காசு, பிள்ளையளுக்கு முதலே சொல்லி வையுங்கோ. புக் பண்ணேக்கயே வெஜிற்றேரியன் எண்டு போடலாம். ஆனால் அங்க இந்தியச் சாப்பாடு எண்டு சொல்லுறது வடக்கத்தைய பனீர் வகை தான், எங்கட உறைப்பு வராது. என்ர மாமி மூண்டாம் நாள் “ஒரு பிடி புட்டும் சம்பலும்” எண்டு அழாக்குறை.

ஈஸ்ட்ஹாம்_பெடியன்:

அக்கா விலைக் கதைக்கு மட்டும் வாறன். நாலு பேர் ஒரு கபின் எண்டால் மூண்டாவது, நாலாவது ஆளுக்கு விலை நல்லாக் குறையும், சிலநேரம் பிள்ளையளுக்கு சும்மாவே விடுவினம், வரியும் ரிப்ஸும் மட்டும் தான். அதால 8 பேருக்கு 2 கபின் தான் மலிவு. ஆனா அந்த மூண்டாவது நாலாவது கட்டில் கனக்க இடத்தில சுவரிலயோ மேலயோ இருந்து இறங்கிற கட்டில், ஏணி வைச்சு ஏறவேணும், அம்மாவுக்கு கீழ்க்கட்டில் எண்டு முடிவெடுத்திட்டு மற்ற ஆக்களை அடுக்குங்கோ.

பல்கனி ஆசை எண்டால் ஒரு வழி இருக்கு. ஒரு கபினை மட்டும் பல்கனியா எடுங்கோ, மற்றதை அதுக்கு நேர எதிர்ப்பக்கம் உள்பக்கக் கபினா, யன்னல் இல்லாதது, எடுங்கோ. இடையில நடைபாதை மட்டும் தான். பகலில எல்லாரும் பல்கனியில, இரவில படுக்க மட்டும் உள்ள. புக்கிங்கில ஒவ்வொரு கபினிலயும் ஒரு பெரிய ஆள் இருந்தால் சரி, பிறகு ஆர் எங்க படுக்கிறது எண்டது உங்கட வீட்டுப் பிரச்சினை. ஆனா “கபின் நம்பர் நாங்கள் பிறகு தருவம்” எண்டு ஒரு மலிவு ரேட் வரும், அதை மட்டும் எடுக்காதேங்கோ, உங்கட இரண்டு கபினும் கப்பலின்ர இரண்டு அந்தத்தில விழுந்தால் அம்மாவைத் தேடி ஒவ்வொரு நாளும் ஒரு கிலோமீற்றர் நடப்பியள்.

எப்ப புக் பண்ணுறது எண்டால் ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் கம்பனியள் போட்டி போட்டு ஓபர் விடுறது வழக்கம். அப்ப சின்ன டிப்பொசிற் கட்டிப் பிடியுங்கோ, ஆனா திருப்பித் தாற டிப்பொசிற்றோ எண்டு பாத்து. 4 இரவு எண்டால் முழுக்காசு கட்டுற கடைசித் திகதி பொதுவா 75 நாளுக்கு முதல் வரும். அது வரைக்கும் கிழமைக்கு ஒருக்கா அதே கபின், அதே திகதியின்ர விலையைப் பாருங்கோ, இறங்கினால் கேட்டு இறங்கின விலைக்கு மாத்தலாம். முழுக்காசும் கட்டின பிறகு இறங்கினால் வயிறு எரியிறது தான் மிச்சம், பாக்காமலே விடுங்கோ. கடைசி நேர மலிவு எண்டு ஆரும் சொன்னால் நம்பாதேங்கோ, அது சிங்கப்பூரில இருக்கிற ஆக்களுக்கு, உங்களுக்கு பிளைட்டும் விசாவும் அந்த மலிவைத் திண்டிடும்.

அண்ணா ஒரு பியர் ஆசாமி எண்டால் ஒண்டு, குடிவகைப் பக்கேஜ் எடுத்தால் அந்தக் கபினில இருக்கிற பெரியாக்கள் எல்லாரும் எடுக்கவேணும் எண்டு தான் சட்டம். அம்மாவும் அந்தக் கபினில இருந்தால் அம்மாவுக்கும் சேத்துக் கட்டுவியளோ? கிளாஸ் கிளாஸா வாங்கச் சொல்லுங்கோ.

விவிரி_கப்பல்காரன்:

பிள்ளை, நான் 22 வருசம் கப்பலில ஓடினனான், ஆனால் சாமான் கப்பலில, எங்களுக்கு ஒருத்தரும் பவ்வே போடேல்லை. கடலைப் பற்றிக் கேட்டபடியால் சொல்லுறன்.

மலாக்கா நீரிணைக்குள்ள, எண்டால் சிங்கப்பூரில இருந்து பினாங்கு வரைக்கும், சுமாத்திரா ஒரு பக்கம் மறைச்சு நிக்கிறபடியால் கடல் பொதுவா குளம் மாதிரி. புக்கெட்டுக்குப் போகேக்க தான் அந்தமான் கடல் திறந்து வரும், ஜூன் தொடங்கி செப்டெம்பர் மட்டும் தென்மேற்குக் காத்து, கொஞ்சம் தூக்கிப் போடும். டிசம்பரில அந்தப் பக்கம் அமைதி, ஆனால் அப்ப தென்சீனக் கடல் பக்கம் போற கப்பல் ஆடும். பெரிய கப்பல், ஆட்டத்தைக் குறைக்கிற ஸ்ரபிலைசர் இருக்கு, பயப்பிடத் தேவையில்லை, ஆனால் கபினை நடுக்கப்பலில, கீழ்த்தட்டில எடுங்கோ. காசு கூடக் குடுத்து உச்சித்தட்டில முன்னுக்கு எடுக்கிறவை தான் வாந்தி எடுக்கிறவை. நடுவில கீழ மலிவாவும் கிடைக்கும், ஆட்டமும் குறைய. கடலில இப்பிடி மலிவும் நல்லதும் ஒண்டா வாறது அருமை.

அம்மாவுக்கு ஒத்துவருமோ எண்டு அறிய ஏன் சிங்கப்பூர் போவான், குறிகட்டுவானில ஏத்தி நெடுந்தீவுக்கு ஒருக்கா கூட்டிக்கொண்டு போய் வாங்கோ. ஒரு மணித்தியாலம். அந்தப் படகில தாக்குப்பிடிச்சால் உங்கட கப்பலில அவ டான்ஸ் ஆடுவா. நயினாதீவுப் போட்டைக் கணக்கில எடுக்காதேங்கோ, அது ஏற முதல் இறக்கிவிடுவாங்கள்.

சும்மா_பாக்கிறவன்:

ஏன் உவ்வளவு அலைச்சல். 2023 ஜூனில சென்னையில இருந்து கோர்டீலியா எம்ப்ரஸ் எண்ட குரூஸ் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை எல்லாம் சுத்தி காங்கேசன்துறைக்கே வந்து நிண்டது தானே. அப்பிடி ஒண்டு வந்தால் மாவிட்டபுரத்தில கும்பிட்டிட்டு அப்பிடியே ஏறலாம்.

மானிப்பாய்_மருமகள்:

@சும்மா_பாக்கிறவன் வந்தது ஓம், ஆனால் இந்தியாக்காரரைச் சுத்திக் காட்ட வந்த கப்பல் அது, சென்னையில ஏறி சென்னையில இறங்கிறது. நீங்கள் கரையில நிண்டு போட்டோ எடுத்தனீங்கள், நானும் தான். இப்ப காங்கேசன்துறையில இருந்து நீங்கள் ஏறக்கூடியது நாகபட்டினத்துக்கு ஓடுற சிவகங்கை எண்ட பயணியள் கப்பல், அதில டைனிங் ஹோல் கேக்காதேங்கோ.

தங்கச்சி விசாவைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. விலையை விட இதை முதல் பாருங்கோ. சிங்கப்பூருக்கு எங்கட பாஸ்போட்டுக்கு விசா தேவையில்லை, போக முதல் 3 நாளுக்குள்ள ஒன்லைனில அறைவல் காட் நிரப்பினால் சரி. தாய்லாந்து 2024 ஜூலையில எங்களுக்கும் விசா இல்லாமல் விட்டது, அதை போக முதல் ஒருக்கா திருப்பிப் பாருங்கோ, உதுகள் மாறும். மலேசியாவுக்கு எங்களுக்கு ஈவிசா வேணும். 4 இரவுக் கப்பல் கனக்க பினாங்கும் புக்கெட்டும் சேத்துத் தான் போகும், அப்ப உங்கட 5 பேருக்கும், பிள்ளையளுக்கும் சேத்து, மலேசிய விசாக் காசைப் போடுங்கோ. “நாங்கள் பினாங்கில இறங்கமாட்டம்” எண்டு சொல்லித் தப்பலாம் எண்டு நினைக்காதேங்கோ, செக்இன்னில விசா இல்லையெண்டால் ஏத்தாமல் விட்டால் கட்டின காசு போனது போனது தான். கனடாக்காரருக்கு உந்தக் கரைச்சல் இல்லை, அதால உங்கட அண்ணிக்கு இது மனதில வராது, நீங்கள் தான் சொல்லவேணும்.

பாஸ்போட்டில 6 மாதம் இருக்கோ எண்டு பாருங்கோ, பிள்ளையளின்ர 3 வருசத்தில முடியிற பாஸ்போட், கண் மூடித் திறக்க முடிஞ்சிடும். இப்ப யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே பாஸ்போட் ஒபிஸ் வந்திட்டுது, வவுனியாவுக்கு அலையத் தேவையில்லை.

கொக்குவில்காரி:

ஐயோ எல்லாருக்கும் சரியான நன்றி. மகனின்ர பாஸ்போட்டை இப்ப தான் எடுத்துப் பாத்தன், வாற சித்திரையோட முடியுது!! நல்ல காலம்.

பிளைட்டுக்கு ஒரு கேள்வி. பலாலியில இருந்து திருச்சி போய் அங்க இருந்து சிங்கப்பூர் போனால் மலிவு எண்டு இவர் நிக்கிறார், கட்டுநாயக்காவுக்கு வான் பிடிக்கிற காசும் மிச்சம் எண்டு. உண்மையோ? மற்றது ஓகஸ்டோ டிசம்பரோ?

ஈஸ்ட்ஹாம்_பெடியன்:

மலிவா வரலாம் அக்கா, ஆனா இரண்டும் வேற வேற ரிக்கெற் எண்டால் திருச்சியில இறங்கி பாக்கை எடுத்து திருப்பிப் போடவேணும், அதுக்கு இந்திய விசா 5 பேருக்கு. முதல் பிளைட் சுணங்கினால் மற்றது உங்களுக்காக நிக்காது. விசாவையும் சேத்துக் கூட்டிப் பாத்திட்டு அத்தான் சொல்லட்டும். எதில போனாலும் கப்பல் வெளிக்கிடுற அண்டைக்குப் போய் இறங்காதேங்கோ, ஒரு நாள் முதல் போங்கோ. செரங்கூன் ரோட் பக்கம் ரூம் போட்டால் அம்மாவுக்கு இட்லியும் கிடைக்கும், வீரமாகாளி அம்மன் கோயிலும் நடைதூரம். அடுத்த நாள் எம்ஆர்ரி ரெயிலில மரீனா சவுத் பியர் ஸ்ரேசனில இறங்கினால் குரூஸ் சென்ரர் கிட்ட.

மாதம் எண்டால் ஓகஸ்ட். சிங்கப்பூர்ப் பிள்ளையளுக்கு பெரிய லீவு ஜூனிலயும் நவம்பர் டிசம்பரிலயும், அப்ப கப்பல் விலை ஏறும். ஓகஸ்டில அங்க பள்ளிக்கூடம், உங்களுக்கும் கனடாவுக்கும் லீவு. ஓகஸ்ட் 9 அவையின்ர தேசிய நாள், அதை ஒட்டின வார இறுதியை மட்டும் விடுங்கோ. திங்கள் செவ்வாயில வெளிக்கிடுற கப்பலைப் பாருங்கோ.

விவிரி_கப்பல்காரன்:

ஓகஸ்ட் எண்டால் புக்கெட் பக்கம் ஆட்டம் இருக்கும் எண்டு சொன்னனான், மறக்காதேங்கோ. 3 இரவு பினாங்கோட திரும்பிற கப்பல் இருந்தால் அம்மாவுக்கு அது நல்லம், ஒரு இரவுக் காசும் மிச்சம்.

கொக்குவில்காரி:

அம்மாட்டை ஓகஸ்ட் எண்டு சொன்னன். “நல்லூர்க் கந்தனுக்குக் கொடி ஏறினால் 25 நாளும் நான் ஊரை விட்டு அசையமாட்டன்” எண்டு ஒரே பிடி. அதுவும் சரி தான், அதை நான் எப்பிடி மறந்தன் எண்டு தெரியேல்லை. இப்ப கலண்டரைப் பாத்து கொடிக்கு முதல் ஒரு கிழமை கிடைக்குமோ எண்டு அண்ணாட்டைச் சொல்லியிருக்கு. 3 இரவு, பினாங்கு மட்டும், நடுக்கப்பல், ஒரு பல்கனி ஒரு உள்பக்கம், முடிவு. அண்ணி தான் புக்கெட் இல்லையோ எண்டு முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறா, அதை அண்ணா பாக்கட்டும்.

அம்மா இன்னொண்டும் கேக்கிறா, ரூமுக்குள்ள காலமை விளக்கு கொளுத்த விடுவாங்களோ?

மானிப்பாய்_மருமகள்:

விளக்கு, ஊதுபத்தி, மெழுகுதிரி ஒண்டும் விடமாட்டினம், கப்பலில நெருப்பு எண்டால் சரியான கவனம், அயன்பொக்ஸ், கேத்தில் கூடப் பறிச்சு வைச்சிட்டு இறங்கேக்க தான் தருவினம். பட்டணத்தில பற்றரி விளக்கு விக்குது, என்ர மாமிக்கு அதைத் தான் வாங்கிக் குடுத்தனாங்கள். முதல் நாள் முகத்தைச் சுழிச்சவ, இப்ப வீட்டிலயும் மழைநாளில அதைத் தான் ஏத்துறா.